தலைவர் ஐயாவுக்கு ஞாபகம் திரும்பிய அற்புதம்

மடுல்கெல்ல,
தேர் முடிந்த மறுநாள்.

மதிப்புக்குரிய ஆன்மீகப் பக்க ஆசிரியர் அவர்களின் சமூகத்துக்கு,

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் செயலாளர் மு. கறுப்பையா பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சுக்கோக்கும் தம்பிமாரும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். இங்கே என் சுகம் பரவாயில்லை. எழுபத்தொரு வயதுக்கு முழங்கால் வலியும் பிரஷரும் இருக்க வேண்டிய அளவுக்கு இருக்கின்றன. ஆனால் நான் எழுத வந்தது என் சுகத்தைப் பற்றி இல்லை. நேற்று எங்கள் கோயிலில் ஓர் அற்புதம் நடந்தது. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் தலைவர் ஐயா கிருஷ்ணராஜ் அவர்களைத் தாங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வயது எழுபத்தொன்பது. தோட்டத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி நடத்தியவர், மந்திரிமாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர். அந்த விடுதியில் நான் இருபத்திரண்டு வருடம் கிளார்க்காக இருந்தேன். அவர் நடந்து வந்தால் நான் எழுந்து நிற்பேன், அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் நிற்பேன், அப்படி ஒரு பயபக்தி. ஐந்து வருடத்துக்கு முன் அந்த விடுதியில் படித்த மூன்று பெண்கள், சிறு வயதில் ஐயா தங்களை வயரால் அடித்து விறகு அறையில் நாள்கணக்காகப் பூட்டி வைத்தார் என்று பொலிசுக்குப் போனார்கள். அதில் தோட்டக் குடியிருப்பின் ஏழாம் லயத்துச் சுந்தரியின் மகள் சுதர்சினிக்கு, பதினெட்டு வருடத்துக்கு முன் அடிபட்டபோது, பதின்மூன்று வயது. இப்போது கண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை, தினமும் இங்கிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். அவளுடைய இடது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. பொலிசார் என்னையும் மூன்று முறை விசாரித்தார்கள். வயதாகிவிட்டது, ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வழக்கு கண்டிக்குப் போனதும் ஐயாவுக்கு ஒரு நோய் வருத்தம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு வருத்தத்தை நான் என் ஆயுளில் கண்டதில்லை. வழக்குத் தவணைக்கு முதல்நாள் பின்னேரம் அது வரும், தவணை முடிந்த மறுநாள் காலை போய்விடும். சனி ஞாயிறில் வராது, பௌர்ணமிப் போயா தினத்தில் வரவே வராது, அரசாங்க லீவு எல்லாம் அதற்கும் உண்டு. முதலில் இருதயம், பிறகு முள்ளந்தண்டு, கடைசியில் மூளைக்கு ஏறி ஞாபகம் முழுவதையும் அழித்துவிட்டது என்று ஒரு பெரிய டொக்டர் ஒன்பது பக்கத்தில் எழுதிக்கொடுத்தார். கோர்ட்டில் பெயரைக் கேட்டதற்கு ஐயா, “சோறு ஆக்கிட்டாங்களா?” என்று கேட்டாராம். அதற்கு நாலு நாள் கழித்துக் குண்டசாலையில் நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் சொல்லி வாழ்த்திப் பேசினார். நான் முன்வரிசையில் இருந்து கேட்டு அப்படியே பிரமித்துப் போனேன். ஏழைக்கு வருத்தம் வந்தால் படுத்த பாய்தான். பெரிய மனிதருக்கு வரும்போது அதற்கும் என்ன மரியாதை தெரிகிறது!

இப்படிப் பதினொரு தவணை. ஒவ்வொன்றுக்கும் சுதர்சினி லீவு போட்டு வந்து, கோர்ட்டு வாசல் வாங்கில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போவாள். ஒருநாள் அதே பஸ்ஸில் நானும் வந்தேன். “ஏம்மா இவ்வளவு அலையிற? அவருக்குத்தான் ஒண்ணும் வெளங்கலையாமே” என்று கேட்டேன். “தண்டனை குடுக்கிறது கோர்ட்டு வேல, ஐயா. நான் ஒருக்கா சொல்லணும், அவரு உக்காந்து கேக்கணும். அது போதும்” என்றாள். அதற்கு மேல் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுகமில்லாதவரை விசாரிப்பதா, வழக்கை மூடிவிடுவதா என்று வருகிற பதினாலாந் திகதி நீதிபதி முடிவு சொல்வார்.

இனி அற்புதத்துக்கு வருகிறேன். எங்கள் தேர்த் திருவிழாவில் முதல் காளாஞ்சி, அதாவது தேங்காய் பழம் வெற்றிலை வைத்த தாம்பாளமும் சால்வையும், வருடா வருடம் தலைவர் ஐயாவுக்குத்தான். இந்த வருடக் கூட்டத்தில் பொருளாளர் ரமேஸ் எழுந்து, “ஐயாவுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு டொக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. காளாஞ்சி குடுத்தாலும் அவருக்குத் தெரியப்போறதில்ல, குடுக்காட்டியும் தெரியப்போறதில்ல. நாம அத நம்பலன்னா டொக்டருக்கு அவமரியாதை” என்றார். எல்லோருக்கும் நியாயமாகப்பட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில் முற்றம் கூட்டுகிற பேச்சியம்மாவுக்கு முதல் காளாஞ்சி என்று தீர்மானம் போட்டோம், நானும் கை தூக்கினேன்.

நேற்று ஐயா சக்கரக் கதிரையில், கழுத்து ஒரு பக்கம் சாய, டிரைவர் கணேஸ் தள்ளிக்கொண்டுவர வந்து சேர்ந்தார். பூசை முடிந்தது. மைக்கில் நான்தான், “முதல் காளாஞ்சி, பேச்சியம்மா!” என்று கூப்பிட்டேன். அந்த மனுசி பயந்து போய், “எனக்கா? எனக்கெதுக்கு சாமி?” என்று விளக்குமாற்றைத் தேடினாள். அப்போதுதான் அம்மன் இறங்கினாள். ஐயாவின் கழுத்து நிமிர்ந்தது. கதிரையை விட்டு எழுந்தார். கைப்பிடி இல்லாத எட்டுப் படியை, நான் மூச்சு வாங்கி ஏறுகிற படியை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். மைக்கை என் கையிலிருந்து பிடுங்கினார்.

“எண்பத்தாறுலருந்து எனக்குத்தான்டா மொத காளாஞ்சி! தொண்ணூத்திரெண்டுல தேரு சேத்துல மாட்டி ராத்திரியானப்பவும் எனக்குத்தான்! ரெண்டாயிரத்துல பச்ச சால்வ போத்துனீங்க, நான் வேணாம்னு செவப்பு வாங்கிட்டு வரச் சொன்னேன், மறந்துட்டீங்களா?” என்று வருடம் வருடமாக, பூசகர் பெயரோடு ஒப்பித்தார். சனம் வாயைப் பிளந்து நின்றது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூட்டத்தின் ஓரத்தில் சுதர்சினி நின்றாள். ஐயா அவளைக் கண்டுவிட்டார்.

“நீ சுந்தரி மக தானே? எல்லாம் ஒன்னால வந்த வென! அன்னிக்கு அந்த வெறகு ரூம்ல இன்னும் ரெண்டு நாள் போட்டு வச்சிருந்தா, இப்படிக் கோர்ட்டு ஏறியிருப்பியா?”

மைக் எங்கள் ஊருக்கு மட்டுமில்லை, பக்கத்துத் தோட்டத்துக்கும் கேட்கும்படி கட்டியது. ஐம்பது போன் அவர் முகத்துக்கு நேரே உயர்ந்திருந்தது. மேளக்காரர்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டார். சுதர்சினி அழவில்லை, சத்தம் போடவில்லை. கும்பிட்ட கையைக்கூட இறக்காமல், “ஐயாவுக்கு எல்லாம் ஞாபகம் வந்திருச்சு, ரொம்பச் சந்தோசம். பதினாலாந் திகதி வந்துருங்க” என்றாள். அம்மன் சிலையைப் பார்த்து எனக்கு மெய் சிலிர்த்ததுண்டு. ஒரு மருந்துக்கடைப் பெண்ணைப் பார்த்துச் சிலிர்த்தது நேற்றுத்தான்.

அதன் பிறகே ஐயாவுக்குத் தான் நிற்கிற இடம் தெரிந்தது. அப்படியே படியில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற என்னை, இருபத்திரண்டு வருடம் அவருக்கு எழுந்து நின்ற என்னைப் பார்த்து, “நீ யாரு?” என்று கேட்டார்.

ஆகவே ஆசிரியர் ஐயா, ஒன்பது பக்க வியாதி ஒரு தாம்பாளத்தில் தீர்ந்த இந்தச் செய்தியைத் தங்கள் ஆன்மீகப் பக்கத்தில், அம்மன் படத்தோடு, முடிந்தால் கலரில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆரோக்கியமும் நல்ல ஞாபகசக்தியும் கிடைக்க எங்கள் தாயார் துணையிருப்பாளாக.

இப்படிக்குப் பணிவுள்ள,
மு. கறுப்பையா

பி.கு. உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து இதை எழுதுகிறேன். “நீ யாரு?” என்று அவர் கேட்டது காதை விட்டுப் போகவில்லை. அந்த விறகு அறைச் சாவி என்னிடம்தான் இருந்தது. அவர் பூட்டச் சொன்னார், பூட்டினேன். மூன்றாம் நாள் காலை திறந்தவனும் நான்தான். அந்தப் பிள்ளை சுதர்சினி எழும்ப முடியாமல் கிடந்தது, நான் விடுதி வரவு இடாப்பில் ‘காய்ச்சல்’ என்று எழுதினேன். அந்த இடாப்பு என் அலுமாரியில் மனைவியின் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. இன்று காலை கணேஸ் வந்து, “ஒங்களுக்கும் பிரஷர் இருக்குதானே, அந்த டொக்டர் ஒரு மெடிக்கல் சர்டிபிக்கட் எழுதித் தாறேன்னு சொன்னாரு, கோர்ட்டுப் பக்கம் போக வேண்டியதில்ல” என்றான். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று அனுப்பிவிட்டேன். பதினாலாந் திகதி முதல் பஸ்ஸில் இடாப்போடு கண்டிக்குப் போகிறேன். சுதர்சினியிடம் சொன்னேன். அவள், பஸ்ஸில் எனக்குச் சன்னல் பக்க இடம் தரமாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

மேலே எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. தலைவர் ஐயாவுக்கு ஞாபகம் ஒருநாளும் போகவில்லை, அது எனக்கும் தெரியும், ஏழு லயத்துக்கும் தெரியும். பதினெட்டு வருடமாக ஞாபகம் இல்லாமல் இருந்தவன் நான். அற்புதம் நடந்தவரின் பெயரைத் திருத்திப் போடவும்.