பன்னிரண்டாம் நம்பர் குழாய்

கால்நடை மருத்துவர் மாப்பிள்ளைக்கு மாமனாரின் ஆசிகள். இங்கே நானும் உங்கள் அத்தையும் பன்னிரண்டு பசுக்களும் சௌக்கியம். நான் அப்படித்தான் எழுதுவேன்; உங்கள் ஆபீஸ்தான் வேறு மாதிரி எழுதியிருக்கிறது.

கன்றுவீச்சு நோய் எத்தனை பண்ணையில் இருக்கிறது, எதனால் வருகிறது என்று நீங்கள் கணக்கெடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சினைமாடு குறைமாதத்தில் கன்றைப் போட்டுவிடும், ஆட்டுக்கும் மனிதருக்கும் தொற்றும் என்ற நோட்டீஸை மூன்று முறை படித்தேன். ஆனால் பதினொரு மாடு சுத்தம், பன்னிரண்டாம் நம்பருக்கு மட்டும் நோய், திங்கட்கிழமை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்றால் என்ன நியாயம்? பன்னிரண்டாம் நம்பர் நம் மகாராணி. என் மகள் உங்களோடு கிளம்பிப் போன மறுநாள் இந்தத் தொழுவத்தில் பிறந்தவள். அவளும் போய்விட்டால் எனக்குத் தாங்காது மாப்பிள்ளை.

உங்கள் படிவத்தில் உண்மையைத்தான் எழுதினேன். சந்தையில் மாடு வாங்கினீர்களா? இல்லை. அடுத்த பண்ணைக் காளையை விட்டீர்களா? இல்லை, சினை ஊசிதான். விழுந்த கருவை வெறுங்கையால் தொட்டீர்களா? இங்கே சாணியில் வழுக்கி நான் விழுந்ததைத் தவிர வேறொன்றும் விழவில்லை. காய்ச்சாத பால் குடித்தீர்களா? உங்கள் அத்தை முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள், தண்ணீரையே இரண்டு தடவை காய்ச்சுகிறவள். இரண்டு மாதம் முன்பு உங்கள் வீட்டுக்கு வந்தபோது மட்டும் உங்கள் அம்மா, "இப்பத்தான் கறந்தது, நுரை அடங்கறதுக்குள்ள குடிச்சிருங்க" என்று ஆட்டுப்பாலை நீட்டினார்கள். சம்பந்தி வீட்டில் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அதை எழுதவில்லை, ஆடு என் பண்ணையில் இல்லையே.

ரத்தம் எடுக்க வந்த உங்கள் கம்பவுண்டர் தங்கமான மனுஷர். பதினொன்றும் கழுத்தைக் காட்டின, மகாராணி மட்டும் ஓர் உதை விட்டாள், மனுஷர் வைக்கோலில் போய் உட்கார்ந்து, "ஒரு குழாய் காலியா இருக்கே சார், ஆபீஸ்ல என்னைத் தொலைச்சிருவாங்க" என்று புலம்பினார். "நீங்க உள்ள போய் காபி குடிங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் திரும்பி வந்தபோது குழாய் நிரம்பியிருந்தது. அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

எனக்கு மூன்று வாரமாகச் சாயங்காலம் காய்ச்சல், விடிந்தால் வேர்வை, இடுப்பில் குடைச்சல். வயசாகிறது, வேறென்ன. மறுபரிசோதனைக்கு எழுதி வண்டியை நிறுத்துங்கள். மகளும் நீங்களும் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் அத்தை பிடுங்கிப் படித்துவிட்டாள். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களா? அன்னிக்குச் சர்க்கரை பாக்கணும்னு என்னை எடுக்கச் சொன்னீங்களே, அந்த உங்க ரத்தம் எங்க போச்சு?" என்று கேட்கிறாள். முப்பத்தெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு கட்டம் காலியாகப் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அந்தக் குழாயில் இருப்பது என் ரத்தம். திங்கட்கிழமை வண்டி வந்தால் முறைப்படி நான்தான் ஏற வேண்டும். நோய் கண்டதைத் தனியாகக் கட்டச் சொல்கிறது உங்கள் நோட்டீஸ். அத்தை என் கட்டிலை இப்போதே தீவன அறைக்கு மாற்றிவிட்டாள். மகாராணியை விட்டுவிடுங்கள். உங்கள் அம்மாவின் ஆட்டுக்கு எப்போது ரத்தம் எடுக்கப் போகிறீர்கள்? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.