தாசில்தார் சுவரில் ஒரு வாய்க்கால்

"இந்த நீலம் எங்க வயலோட நின்னுடுது பாருங்க. அரசாங்கமே வரைஞ்சு மாட்டியிருக்கு" என்றார் துரைராசு, சுவரைக் காட்டி. வாய்க்கால் தண்ணீர் முதலில் பாயும் தலைமடையின் மிராசுதார் அவர்.

தாசில்தார் மிக்கேல்ராஜ் நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பினார். சுவரில் இருந்தது வரைபடமே இல்லை. அவர் மனைவி இருதயம்மாள் வாட்டர் கலரில் தீட்டியது. மேலே நீலம், கீழே பச்சை, நடுவில் இரண்டும் குழைந்த ஏதோ ஒன்று. இன்னது என்று சொல்ல முடியாது. பார்த்தால் மனசு அடங்கும் என்று அவள் சொன்னாள். அவருக்கு அடங்கவும் செய்தது. தண்ணீர் முறைக்காக அரிவாள் வரை போனவர்கள் சமாதானம் பேச வருகிறார்களே என்று, காலையில்தான் நாலு மூலையிலும் ஆணி குத்தி மாட்டியிருந்தார். இன்றும் பேச்சு முறிந்தால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

"அது சும்மா படங்க. மன அமைதிக்கு."

"யாரு போட்டது?" என்று கேட்டார் தங்கையன். வாய்க்கால் முடிகிற கடைமடைக் குத்தகைக்காரர்களின் சங்கத் தலைவர்.

"எங்க வீட்டுல."

"அம்மாவுக்கு எந்த ஊருங்க?"

"திருவிடைமருதூர்."

"நமக்கு மேற்கே. தலைமடை. பின்ன வேற எப்படிப் போடுவாங்க?"

மிக்கேல்ராஜ் எழுந்து படத்தைத் தலைகீழாக மாட்டினார்.

தங்கையன் சாய்ந்து உட்கார்ந்தார். "இப்பதான் நியாயமா இருக்கு. தண்ணி பூரா நம்ம பக்கம்."

"ஏன் சார், உங்க ஆபீஸ்ல தண்ணி மேட்டுக்கு ஏறுமா?" துரைராசு துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

சனியனே வேண்டாம் என்று தாசில்தார் படத்தைக் கழற்றப் போனார்.

"ஆவணத்துல கை வைக்காதீங்க" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் தடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

பழையபடியே மாட்டிவிட்டு, "எல்லாரும் டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார் மிக்கேல்ராஜ்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பியூன் பக்கிரி மட்டும் தண்ணீர்ச் செம்போடு அறைக்குக் காவல் இருந்தான்.

திரும்பி வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். படத்தின் நீலம் கரைந்து, பச்சைக்குள் புகுந்து, அடி விளிம்பு வரை இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"கடைமடைக்கு வந்துடுச்சுங்க" என்றார் தங்கையன், மெல்ல.

துரைராசு கரைவேட்டிக்காரர். சாமி இல்லை, சகுனம் இல்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறவர். படத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"சாமி வேற, தண்ணி வேற" என்றார். "முறை வச்சே விட்டுடுவோம். எங்க கையெழுத்துப் போடணும்?"

எல்லாரும் போன பிறகு மிக்கேல்ராஜ் நாற்காலியில் சரிந்தார். நனைந்த படத்தைப் பார்க்கப் பார்க்க மனசு நிஜமாகவே அடங்கியது.

"பக்கிரி, நாளைக்கு ஆளை விட்டு கூரை ஓடுங்களைப் பிரிச்சு மாத்தச் சொல்லு. நல்ல நேரத்துல ஒழுகிச்சு, போ."

பக்கிரி காலிச் செம்பை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

"ஓடெல்லாம் நல்லாத்தாங்கய்யா இருக்கு. கடைமடையில எனக்கும் ஒரு மா நிலம் கிடக்கு."