துப்பாக்கிக் கடைக்காரரின் மனப்பாடம்

அரசாங்கமே திரண்டு வந்தாலும் மூக்கில் கண்ணாடி ஏற்றுவதில்லை என்று சபதம் எடுத்தேன்.

பின்னே என்ன? நான் துப்பாக்கி விற்கிறவன். பன்றி விரட்டும் விவசாயிகளும் போட்டிக்குக் குறி பழகுகிறவர்களும்தான் வாடிக்கை. கடைக்காரனே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றால் எவன் நம்பி வாங்குவான்? கடை கீழே, வீடு மாடியில். கீழே நான் முதலாளி. மாடிப்படி ஏறினால் அந்தப் பதவி தானாக ரத்தாகிவிடும்.

அந்த நேரம் பார்த்துப் புதுச் சட்டம் வந்தது. இரட்டைப் பூட்டு, கேமரா, எப்போது வேண்டுமானாலும் சோதனை. அதிகாரி வந்தால் கடைக்காரரே ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்து, அதில் பொறித்த எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும். தப்பினால் கடைக்குச் சீல். அந்த எண்களோ எறும்பு படிப்பதற்காகப் பொறித்தவை. அவ்வளவு பொடி.

"ஏங்க, கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை போயிட்டு வரலாமா?" என்றாள் மனைவி.

"எனக்கென்ன? கழுகுக் கண்ணு!"

"காலையில டீயில உப்பை அள்ளிப் போட்டுக்கிட்டது எந்தக் கழுகு?"

"அது... ஒரு மாறுதலுக்கு."

அவள் மேலே பேசவில்லை. அவள் பேசாவிட்டால் நான் பயப்பட வேண்டும். அன்று புத்தி கெட்டுச் சந்தோஷப்பட்டேன்.

என் திட்டம் சுலபம். அலமாரியில் துப்பாக்கிகள் வரிசை மாறாமல் நிற்கும். இடமிருந்து வலமாக எண்களை நெட்டுருப் போட்டுவிட்டால் கண் எதற்கு? கடைப் பதிவேட்டைக் கைபேசியில் படம் பிடித்து, பெரிதாக்கி, உருப்போட்டேன். குளிக்கும்போது சொன்னேன். சட்டைக்கு இஸ்திரி போடும்போது சொன்னேன்.

"என்னங்க முணுமுணுக்கறீங்க?"

"உன் பேரைத்தான்."

"என் பேருல இத்தனை நம்பர் எப்போ வந்துச்சு?"

நடுவில் ஒருநாள், தனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டுமென்று மூக்குக்கண்ணாடிக் கடைக்கு என்னைத் துணைக்கு இழுத்துப் போனாள். அங்கே கண் பார்க்கும் மெஷினைக் கண்டதும் பின்வாங்கினாள்.

"பயமா இருக்குங்க. நீங்க முதல்ல மோவாயை வெச்சுக் காட்டுங்களேன்."

பெண்டாட்டிக்குத் தைரியம் கொடுக்காமல் நான் என்ன புருஷன்? வைத்தேன். இது தெளிவா, அது தெளிவா என்று கண்ணாடிக் கடைக்காரர் கேட்டதற்கெல்லாம் பதிலும் சொன்னேன்.

"பயம் போயிடுச்சா?"

"சுத்தமா போயிடுச்சுங்க" என்றாள், பரம சாதுவாக.

பிறகொரு நாள் அதிகாரி அம்மா வந்தே விட்டார். என் மனைவியும் பதிவுபெற்ற விற்பனையாளர்தான், பக்கத்திலேயே நின்றாள். முதல் துப்பாக்கியை எடுத்தேன். எண் இருக்கும் இடத்தை உற்றுப் பார்ப்பதுபோல் பார்த்துக் கணீரென்று ஒப்பித்தேன். அடுத்தது. அதற்கும் அடுத்தது. எனக்கே கைதட்டத் தோன்றியது.

அதிகாரி மூன்றையும் வாங்கிப் பார்த்தார். "சார், நீங்க சொன்னதுல ஒண்ணுகூட சரியில்லையே?"

"எப்படி இருக்கும் மேடம்? காலையில தூசி தட்டும்போது வரிசையை மாத்தி வெச்சிட்டேன்" என்றாள் மனைவி.

சீல்! இந்தத் தொழிலை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்?

"ஏம்மா இப்படிப் பண்ணினே?" அவள் பக்கம் திரும்பினேன்.

"கண்ணு தெரியலைன்னு என்கிட்டகூடச் சொல்லத் தோணலை இல்ல உங்களுக்கு? ஒரு நம்பர் மாறி, துப்பாக்கி யார் கையிலயாவது போய்ச் சேர்ந்து, உங்களைப் பிடிச்சிட்டுப் போனா நான் என்னங்க பண்ணுவேன்?"

அவள் அழுதுகொண்டிருந்தாள். அந்த அளவுக்கு எனக்கும் கண் தெரிந்தது. மனசு கேட்கவில்லை. கடை போனால் போகட்டும், இவளை அழவைத்துவிட்டேனே என்றிருந்தது.

கைப்பையைத் திறந்து ஒரு புதுக் கண்ணாடியை எடுத்து, அவளே என் காதில் மாட்டிவிட்டாள்.

"என் அளவு உனக்கு எப்படி..."

"மோவாயை வெச்சீங்களே, மறந்து போச்சா?"

நான் எண்ணைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தேன். காதோரம் நரை வந்திருந்தது. எப்போது வந்ததென்று தெரியவில்லை. அழகாக இருந்தாள். வாய்விட்டே சொல்லிவிட்டேன். அதிகாரி அவசரமாகக் கேமராவைச் சோதிக்கப் போனார்.

பிறகு எல்லா எண்களையும் படித்தேன். ஒன்றும் தப்பவில்லை.

"சீல் வைக்க மாட்டீங்களா மேடம்?"

"இது சோதனை இல்ல சார். கடைக்காரங்க விரும்பிக் கூப்பிட்டா, முன்னாடியே வந்து குறையைச் சொல்லிட்டுப் போவோம். நிஜ சோதனை இனிமேதான். அதுக்குச் சொல்லிட்டு வர மாட்டோம்."

"நான் உங்களைக் கூப்பிடவே இல்லையே!"

அதிகாரி என் மனைவியைக் கைகாட்டினார்.

"கடை முதலாளி பேசறேன்னு போன் பண்ணினது இவங்கதானே சார்?"