சுயம்பு ஆடாத முதல் பாதி

படிக்காமல் கையெழுத்திடாதே என்று முப்பது ஆண்டுகள் மாணவர்களைக் கண்டித்து வந்த நான், அதே குற்றத்தைப் பல்கலைக்கழக விளையாட்டுக் குழுவில் அமர்ந்து செய்தவன். இதை நானே எழுதிவிடுவது நல்லது. (வீட்டில் இதற்கு வேறொரு வடிவம் ஓடுகிறது, அதில் நான் இன்னும் மோசம்.)

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். கால்பந்தில் தொடர்ந்து நான்கு முறை கோப்பை வென்றது என் அணி. ‘என்’ என்ற சொல்லை அந்நாளில் சற்று அதிகமாகவே பயன்படுத்தினேன். ஓடியவர்கள் வேறு பதினொரு பேர் என்பது எனக்கு முக்கியமாகத் தோன்றியதில்லை.

ஐந்தாம் முறை இறுதிப் போட்டிக்குப் போனோம். எதிரணிச் சட்டையில் சுயம்பு நின்றான். தச்சநல்லூர்க்காரன். மூன்றாண்டுகள் என்னிடம் இடது ஓரத்தில் ஆடிப் பட்டம் பெற்றவன். விடுதி இலவசம் என்பதால் முதுகலைக்கு அந்தக் கல்லூரியில் சேர்ந்திருந்தான். கல்லூரி மாறியவன் ஓராண்டு ஆடக்கூடாது என்பது விதி. எனக்கு அது மனப்பாடம். வேலையும் கொடுத்துத் தங்கள் அணிக்கு ஆள் எடுக்கும் ஒரு நிறுவனத்தின் தேர்வாளர்கள் இருவர் பந்தலில் அமர்ந்திருந்தார்கள். இருந்தது ஒரே இடம். அதற்கு அவனைப் பார்க்கவே வந்திருந்தார்கள். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்தேன்.

சுயம்பு ஓடி வந்தான்.

“சார், இந்த ஒரு ஆட்டம் மட்டும் ஆடிக்கிடுதேன். அவிய என்னையப் பாக்கத்தான் வந்திருக்காவ.”

“விதி எல்லாருக்கும் விதிதான்” என்றேன். (எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் என்பது இன்னும் நினைவிருக்கிறது. அதுதான் கஷ்டம்.)

ஆட்சேபம் தீரும்வரை அவனை வெளியே உட்கார வைத்து ஆட்டத்தைத் தொடங்கினார்கள். போட்டிச் செயலாளர் செல்லையா பல்கலைக்கழகத்துக்குப் போன் மேல் போன் போட்டார். கூட்டத்தில் ஒருவன் கத்தினான்:

“ஏலே, ஆடுதவன உக்கார வச்சிட்டு யாருக்குலே ஆட்டம் காட்டுதிய?”

இடைவேளையில் செல்லையா கைப்பேசியோடு வந்தார். அதில் ஒரு சுற்றறிக்கை.

“அண்ணாச்சி, அந்த ஓராண்டுத் தடைய எடுத்தாச்சுல்லா. இனி மாறுன வருசமே ஆடலாம்.”

“எந்த மடையன்வே எடுத்தான்?”

அவர் திரையைப் பெரிதாக்கினார். குழு உறுப்பினர்களின் கையெழுத்துகளில் மூன்றாவது என்னுடையது. அந்தக் குழுக் கூட்டம் நினைவுக்கு வந்தது. வடை வந்த நேரம். நான்காவது கோப்பையை எப்படி வென்றேன் என்று பக்கத்து நாற்காலிக்கு விளக்கிக்கொண்டே, நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன்.

“நீங்கதான் போட்டிருக்கிய. தெளிவா இருக்கு” என்றார் செல்லையா. (என் கையெழுத்து அழகு என்று ஊரில் பெயர்.)

இரண்டாம் பாதியில் சுயம்பு இறங்கினான். இரண்டு கோல் போட்டான். நாங்கள் தோற்றோம். பந்தலைப் பார்த்தேன், இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. வேறோர் ஊர் ஆட்டத்தைப் பார்க்க, தேர்வாளர்கள் இடைவேளைக்கு முன்பே கிளம்பிவிட்டார்களாம். அங்கே அவர்களுக்கு ஆள் கிடைத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

என் மனைவி இந்தக் கதையை விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்வாள். கையெழுத்தோடு நிறுத்திவிடுவாள், சிரிப்பு வருவது அங்கேதான்.

சென்ற மாதம் டவுணில் வேட்டி எடுக்கப் போனோம். துணியை விரித்துக் காட்டியவன் சுயம்பு. நாங்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டோம். என் மனைவி அவனைப் பார்த்ததில்லை. உறையில் இருந்த எழுத்தை நான் ஊன்றி வாசிப்பதைக் கண்டதும் அவள் தொடங்கிவிட்டாள்:

“இப்ப எல்லாத்தையும் வாசிப்பாவ தம்பி. அன்னைக்கு வாசிக்காம என்ன செஞ்சாவ தெரியுமா?”

முழுக் கதையும் ஓடியது. கையெழுத்து வந்த இடத்தில் சுயம்பும் சிரித்தான். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டே கேட்டான்:

“பெறவு அந்தப் பையன் என்னம்மா ஆனான்?”

“அது யாருக்குத் தெரியும்?” என்றாள் அவள்.

நான் உறையை மறுபடியும் வாசித்தேன்.

“ரெண்டு வேட்டி போதுமா சார்?” என்றான் சுயம்பு.

போதும் என்றேன்.