கழிவறைக் காலண்டருக்குக் கேமரா எதற்கு?

ஹார்லிங்கன்,
மார்ச் 6 (கணினியில் பார்த்து எழுதினேன்)

அன்புள்ள அக்கா வீட்ஸ்கேவுக்கு, தம்பி சீப்ரன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், வீட்டுக்காரி யான்னா, என் முட்டிவலி மூவரும் சுகம். லேவார்டனில் நீயும் உன் மகன் கெர்பனும் உங்கள் பூனையும் அப்படியே இருக்க வேண்டும். போன் பண்ணினால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் காகிதம். கிழித்துத்தான் போடுவாய் என்றால் படித்துவிட்டுக் கிழி.

போன வருஷம் உன் எழுபதாவது பிறந்தநாளை மறந்தேன். மறந்தது மறந்ததுதான், மழுப்பப் போவதில்லை. ஆனால் எப்படி மறந்தேன் என்று கேள். கழிவறைக்கு டைல்ஸ் மாற்றினோம். அங்கே தொங்கிய பிறந்தநாள் காலண்டரைக் கழற்றி ஏதோ பெட்டியில் போட்டுவிட்டார்கள். காலையில் போய் உட்கார்ந்தால் எதிரே வெறும் சுவர். நீ, நான், இந்த நாட்டில் எல்லாருமே அங்கே உட்கார்ந்துதானே யாருக்கு எப்போது வயது ஏறுகிறது என்று தெரிந்துகொள்கிறோம்? எனக்கு அந்த மாதம் முழுக்க சிமெண்ட் ஞாபகம்தான். அப்புறம் யான்னா உன்னைப் பார்க்க வந்தாளே, அன்றைக்கு உன் கழிவறைக்குப் போனவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினாள். "காலண்டர்ல உங்க பேரை அடிச்சிட்டாங்க" என்றாள். "எதால?" என்று கேட்டேன். "பேனாவால. ரெண்டு கோடு." பென்சில் என்றாலாவது மனசு ஆறியிருக்கும். காலமான ஹெஸ்ஸல் அத்தான் பெயர் இன்னும் அதில் இருக்கிறதாம். உயிரோடு இருக்கிற நான் இல்லை. அறுபத்தெட்டு வருஷத் தம்பியை இரண்டு கோட்டில் முடித்துவிட்டாயே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் முடிவு செய்தேன். டைல்ஸ் மாற்றினாலும் வீடே இடிந்தாலும் அழியாத காலண்டர் ஒன்றை நானே எழுதி, மார்ச் 14 உன் பிறந்தநாளுக்குள் உன் கணினியில் ஏற்றிவிட வேண்டும், அதில் என் பெயரும் இருக்க வேண்டும். "பத்து யூரோவுக்குக் கடையில காலண்டர் தொங்குது, ஒண்ணு வாங்கி மாட்டுங்களேன்" என்றாள் யான்னா. அவளுக்கு என்ன தெரியும்! சமூகக்கூடத்தில் கணினி வகுப்பு நடத்தும் மென்னோவிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் மதகு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பொறுமைசாலி. ஐந்து மாதம் பழியாய்க் கிடந்து முந்நூறு வரி எழுதினேன். என் கணினியில் ஜோராக ஓடியது. உன் கணினிக்குள்தான் போகாது. அந்த மோசடிப் பேர்வழி உனக்குப் போன் பண்ணி ஏமாற்றப் பார்த்ததில் இருந்து, ஆப் ஸ்டோர் வழியாக வருவதைத் தவிர வேறு எதையும் உள்ளே விடாதபடி கெர்பன் பூட்டு போட்டுவிட்டானே. அதனால் ஸ்டோருக்கு அனுப்பினேன். பிடித்தது சனி.

என் முந்நூறு வரி எழுதப்பட்ட மொழி உன் கணினிக்குத் தெரியாதாம். அதற்கு எடுத்துச் சொல்ல ரன்டைம் என்று ஒரு மூட்டையையும் கூடவே அனுப்ப வேண்டுமாம். அதில் நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள், ஒன்றுகூட நான் எழுதியதில்லை. நீயும் அத்தானும் கேரவனை இழுத்துக்கொண்டு பிரான்சுக்குப் போகும்போதெல்லாம், அங்கே என்ன கிடைக்குமோ என்று இருபது கிலோ உருளைக்கிழங்கு கட்டிக்கொண்டு போவீர்களே, அந்தக் கதைதான். முகாம் வாசலில் காவல்காரன் நிறுத்தி, "உருளைக்கிழங்கை இறக்கு" என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் முதல் மறுப்பு வந்தது. உங்கள் ஆப், வெளியார் தொடக்கூடாத இடத்தைத் தொடுகிறது என்று எழுதியிருந்தார்கள். நான் எதையும் தொடவில்லையே என்று மென்னோவிடம் ஓடினேன். "நீங்க தொடலீங்க, மூட்டையில இருக்கிற ஒண்ணு தொடுது" என்றார். "அது ஏன் போய்த் தொடுது?" "யாரோ எழுதினதுங்க, யாருக்குத் தெரியும்?" சரி என்று அந்தக் கோப்பைத் தூக்கி எறிந்தேன். ஆப் திறக்கவே இல்லை. திறக்காத ஆப்பை ஏற்க முடியாது என்று இரண்டாவது மறுப்பு. வைத்தாலும் குற்றம், எடுத்தாலும் குற்றம். மாமியார் இல்லாத குறையை ஸ்டோர் தீர்த்து வைத்தது.

மென்னோ வேறொரு மூட்டை தேடிக் கொடுத்தார். அதில் ஒவ்வொரு கோப்பிலும் என் கையெழுத்து இல்லை என்று மூன்றாவது மறுப்பு. நான் எழுதாததற்கு நான் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்? முப்பத்தொரு வருஷம் இந்த ஊர்க் கால்வாயில் படகுகளுக்கு வழிவிடப் பாலத்தைத் தூக்கி இறக்கியவன் நான். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு படகுக்காரனையாவது கேட்டிருப்பேனா? வந்தான், தூக்கினேன், போனான். இருந்தாலும் உனக்காக, கணினி மூலமாக நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். நாலாவது மறுப்பு. கையெழுத்தில் இன்னும் வராத தேதி இருக்கிறதாம். அது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். உன் பிறந்தநாளன்று ஆப் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க, கணினி தானாகத் தேதி பார்த்துக்கொள்வதை நிறுத்திவிட்டு, பிப்ரவரியிலேயே அதை மார்ச் 14-க்குத் தள்ளி வைத்திருந்தேன். "வீட்ஸ்கே அக்காவுக்கு வயது 71" என்று பூங்கொத்துப் படத்தோடு வந்தது பார், கண் கலங்கிவிட்டது. மறுப்பு வந்ததும் தேதியைக் குத்துமதிப்பாகப் பின்னால் திருப்பி வைத்தேன். அதற்கப்புறம் தேதியைப் பற்றி ஸ்டோரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

ஐந்தாவது எதற்கு வந்தது என்று இன்றுவரை மென்னோவுக்கே விளங்கவில்லை. ஆறாவதைக் கேள். ஸ்டோரில் இருந்து ஒரு அம்மா போனிலேயே கூப்பிட்டுவிட்டார், வேறு தேசத்துக்காரர்.

"ஐயா, உங்க ஆப்போட பேரு கழிவறைக் காலண்டரா?"

"ஆமாம்மா."

"கழிவறையிலயா வச்சுப் பார்ப்பாங்க?"

"வேற எங்கம்மா வைப்பாங்க?"

"உள்ள கேமராவும் மைக்கும் கேட்டிருக்கீங்களே, ஐயா. கழிவறையில கேமரா எதுக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, நான் கேக்கலம்மா! மூட்டை கேட்டிருக்கும்!"

"அப்போ உங்க ஆப்புக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாதா?"

"எங்க வீட்டுப் பரண்ல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா!"

"சரி, இந்த ஹெஸ்ஸல்ங்கறவர் காலமாயிட்டாருன்னு போட்டிருக்கு. அவருக்கு எதுக்குப் பிறந்தநாள்?"

"செத்துப்போனா பிறந்தது இல்லேன்னு ஆயிடுமாம்மா?" என்றேன். அந்த அம்மா, கேமராவை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மென்னோவும் நானும் கேமராவைத் தோண்டி எடுத்து, ஆப் திறக்கிறதா என்று நாலு தடவை பார்த்துவிட்டு, ஏழாவது முறையாக அனுப்பியிருக்கிறோம். இந்த நேரத்தில் வீட்டிலும் நிம்மதி இல்லை. நேற்று யான்னா நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஆப்பிள் கேக்கைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். "கடைசியா கேக்கறேன், வர்றீங்களா இல்லையா?" என்றாள். எங்கே என்று கேட்க எனக்கு நேரமில்லை. "ஸ்டோர்ல இருந்து பதில் வர்ற நேரம்" என்றேன். "அந்தப் பெட்டியையே கட்டிக்கிட்டு அழுங்க!" என்று கதவை அறைந்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வெறும் தட்டோடு திரும்பியவள் இன்னும் என்னோடு பேசவில்லை. அப்படி நான் என்ன செய்துவிட்டேன் என்று ஒன்றும் புரியவில்லை, அக்கா.

போகட்டும். உன் பிறந்தநாளுக்கு இன்னும் முழுசாக எட்டு நாள் இருக்கிறது. அதற்குள் ஸ்டோரில் வந்துவிடும். பதினாலாம் தேதி காலையில் நீ கணினியைத் திறந்து கழிவறைக் காலண்டரை இறக்கிக்கொள். இந்த வருஷம் நான் மறக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? ஆகஸ்ட் பக்கத்தில் என் பெயர் இருக்கும். அதை அடிக்க வழி வைக்கவில்லை, வேண்டுமென்றேதான்.

கெர்பனுக்கு என் ஆசிகள். பூனைக்கு ஒரு தடவல். நீ நூறு வயது இருந்து, நூறு தடவையும் நான் ஞாபகம் வைத்திருக்க அருள் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
இரண்டு கோட்டுக்கு அடியில் கிடக்கும் உன் தம்பி,
சீப்ரன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மென்னோ கூப்பிட்டார். "ஏத்துக்கிட்டாங்க சீப்ரன்! சமூகக்கூடத்துக் கணினியில இறக்கிப் பார்த்துட்டேன், அருமையாத் திறக்குது. அப்படியே அக்கா பிறந்தநாளுக்கும் உங்களுக்கு என் வாழ்த்து!" என்றார். "அதுக்கு இன்னும் எட்டு நாள் கிடக்கே" என்றேன். "இல்லீங்களே, நேத்துன்னு காட்டுது. இன்னிக்குத் தேதி பதினஞ்சு." என் கணினியைப் பார்த்தேன். ஆறு என்கிறது. நான் குத்துமதிப்பாகத் திருப்பி வைத்த கணினி. அடப்பாவி என்று தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். யான்னா வாயைத் திறந்தாள். "உங்க அக்கா வீட்ல எல்லாரும் வட்டமா உக்காந்திருந்தோம். உங்களுக்குன்னு ஒரு நாற்காலி போட்டிருந்தாங்க. கடைசி வரைக்கும் அதுல யாரையும் உக்கார விடல" என்றாள். அப்புறம், "காலண்டர்ல உங்க பேரைத் திரும்ப எழுதியிருக்காங்க" என்றாள். "எதால?" என்று கேட்டேன். "பென்சிலால."

அக்கா, ரப்பரைத் தொடாதே. இதைத் தபாலில் போடவில்லை, கையோடு கொண்டு வருகிறேன். அடுத்த ரயிலுக்கே கிளம்பிவிட்டேன். கதவை மட்டும் திற. பேனா என் சட்டைப்பையில் இருக்கிறது.