ஓட்ஸ் தின்ற அம்மன்

ஓவர்சியர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனதிலிருந்து கோபாலுக்குச் சோறு இறங்கவில்லை. ஏரிக்கரைக்குச் சிமென்ட் ரோடு வரப்போகிறது. அளக்க வந்த மனிதர் வெகுநேரம் நின்றது கோபாலின் வலைக் கொட்டகை வாசலில். இதற்கு மேல் என்ன கேட்க வேண்டும் என்று கோபால் யாரையும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது அறிவில்லாதவர்களின் வேலை என்பது அவன் கட்சி.

கொட்டகை புறம்போக்கில் நின்றது. வலை வைக்கக் கட்டியது என்று பேர். வலை ஒரு மூலையில் கிடந்தது. மீதி இடத்தில் கோபால் கிடந்தான். வீடு மனைவி ராஜாத்தியின் பேரில் இருந்தது. கோட்டைக்குப்பத்தில் அவள் குரல் எட்டாத ஒரே இடம் இந்தக் கொட்டகைதான். அது போனால் கோபால் வீட்டில் இருக்க வேண்டும்.

மழை விட்ட ஒரு காலையில், கொட்டகைக்குப் பின்னால் மக்கிக் கிடந்த தென்னந்துண்டின் மேல், மஞ்சளைக் குழைத்து அப்பியதுபோல ஒன்று படர்ந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் குச்சியால் குத்திப் பார்த்திருப்பார்கள். கோபால் கன்னத்தில் போட்டுக்கொண்டான். சாமி உட்கார்ந்த இடத்தில் எவன் ரோடு போடுவான்?

சிவப்புத் துணியும் வேப்பிலையும் கட்டி, கங்கையம்மன் இறங்கியிருக்கிறாள் என்று ஊருக்குச் சொன்னான். ஊரும் நம்பியது. மழையில் தொழிலுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் ஊர் எதையும் நம்பும்.

ராஜாத்தியின் அக்கா மகள் கலைவாணி, பொன்னேரிக்குப் போய்த் தாவரவியல் படிக்கிறவள், குனிந்து பார்த்தாள்.

"சித்தப்பா, இது சளிப்பூஞ்சை. பேர்தான் பூஞ்சை. காளான் இல்ல, செடி இல்ல, பாசி இல்ல, மிருகமும் இல்ல. அமீபாவுக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். ஊர்ந்து போய்த் தின்னும்."

"எதுலயும் சேரலன்னா அப்போ இன்னா அது? சாமிதானே. நீயே சொல்லிட்ட."

காலேஜே ஒப்புக்கொண்டுவிட்டது என்று மாலைக்குள் தெருவெல்லாம் பரப்பினான்.

மறுநாள் அம்மன் தென்னந்துண்டில் இல்லை. வேலிப் பக்கம் நகர்ந்து, விசிறிபோல விரிந்து, பக்கத்து வீட்டுத் தங்கவேலின் விறகுக் குவியலுக்குள் தலையை நுழைத்திருந்தாள். ஊர்ந்து போகும் என்று சொன்ன பெண், தங்கவேல் வீட்டுக்குப் போகும் என்று சொல்லவில்லையே என்று கோபாலுக்குக் கலைவாணி மேல் கோபம். ஆனாலும் அது எதைத் தின்னும் என்று அவளையேதான் கேட்டான். லேபில் ஓட்ஸ் போட்டு வளர்ப்பார்கள் என்றாள்.

சர்க்கரைக்காக ராஜாத்தி வாங்கி வைத்திருந்த ஓட்ஸ் டப்பா காணாமல் போனது. கோபால் தன் பக்கமெல்லாம் தூவினான். அம்மன் வந்தாள்; ஆனால் போன இடத்தை விட்டுவிட்டு வரவில்லை. இந்தப் பக்கம் தின்ற தெம்பில் அந்தப் பக்கமும் பெருத்தாள்.

மீன் அரியும் கத்தியை எடுத்து, வேலிக்கு நேராக யாரும் பார்க்காமல் ஒரே அறுப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் போனது செத்துப்போகும் என்பது கோபாலின் விஞ்ஞானம். அறுத்தால் சாகிற பிறவி அல்ல அது. ஒன்று இரண்டானது. அந்தப் பாதி விறகைத் தாண்டி, சுவரைப் பிடித்து, தங்கவேலின் வாசற்படியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

தங்கவேல் படியில் விழுந்து குழந்தைபோல அழுதான். கோபாலுக்கு அது பக்தியாகப் படவில்லை. கூட்டம் சேர்க்கிற வித்தையாகப் பட்டது. கூட்டமும் சேர்ந்தது. கொட்டகைக்குப் பின்னால் சேற்றில் குனிந்து பார்க்க வேண்டிய சாமியைவிட வாசற்படிச் சாமி எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

விடுவானா கோபால்? தன் பாதி தெருவிலிருந்தே தெரியட்டும் என்று, மேலே நிழலாகச் சாய்ந்திருந்த கீற்றுத் தட்டியைப் பிடுங்கி எறிந்தான். சுள்ளென்று வெயில் விழுந்தது. அம்மன் வெளுத்து, பொருக்குத் தட்டி, பழைய பன் மாதிரி ஆனாள். டப்பாவைத் தேடி வந்த ராஜாத்தி துடைப்பத்தால் ஒரு தட்டுத் தட்ட, காப்பித்தூள் நிறத்தில் புகை கிளம்பி எல்லார் மூக்கிலும் ஏறியது.

"எங்கூட்டு ஓட்ஸைத் தின்னுட்டு எங்க மூஞ்சியிலயே ஊதுதா?" என்றாள் ராஜாத்தி.

"அது வித்துத்தூள் சித்தி," என்று கலைவாணி தும்மினாள். "ஈரம் பட்டா ஒவ்வொன்னும் உயிர் புடிக்கும். அப்புறம் ரெண்டு ரெண்டா சேர்ந்து மறுபடி மஞ்சளா வளரும்."

கோபால் அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். வானம் சுத்தமாக இருந்தது. குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். இருந்த தூளும் சேற்றோடு ஓடிப்போனது.

அடுத்து வந்தது மழையல்ல, ஜேசிபி. கூடவே ஓவர்சியர். வண்டி நேராகக் கொட்டகை முன்னால் வந்து நின்றது. கோபால் குறுக்கே படுத்துவிட்டான்.

"இது அம்மன் இறங்கின எடம் சார். மண்ணுக்குள்ள கீது. மழை வந்தா எழுந்துக்கும். சாமி மேல வண்டி வுடுவியா நீ?"

தங்கவேல் தன் வாசற்படியில் நின்று, வண்டி முன்னால் படுத்திருந்த கோபாலை நோக்கிக் கைகூப்பினான். கேலி செய்கிறான் என்று கோபால் பல்லைக் கடித்தான்.

ஓவர்சியர் குனிந்து அவன் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"அன்னைக்கு நான் உன் கொட்டகையில நின்னது நெழலுக்குய்யா; ரோடு தங்கவேல் வூட்டு மேலதான் போறதா இருந்துது, அவன் படியில அம்மன் ஏறிட்டாங்கன்னு ஊரே வந்து கேட்டுக்கிச்சு, அதான் இந்தப் பக்கம் திருப்பிட்டோம்."