பொகோட்டாவில் ஹாரன் மாமா

இருபத்தொன்பது வருஷம் ஒரே மலையில் தினம் ஏறி இறங்கிவிட்டு, அந்த மலை எப்படி இருக்கும் என்று கேட்டால் "தெரியாது" என்று பதில் சொல்லக்கூடிய மனிதர் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறார்.

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் பஸ்ஸின் டிரைவர். பெயர் என்னவோ உண்டு. ரேஷன் கார்டில் இருக்கும். ஊருக்கு அவர் ஹாரன். எனக்கு ஹாரன் மாமா.

கல்வராயன் மலையில் அருவி இருக்கிறது, பச்சைப் பள்ளத்தாக்கு இருக்கிறது, மேகம் பஸ்ஸுக்குள் வந்து டிக்கெட் வாங்கும் என்றெல்லாம் பயணிகள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். "ஒரு தபாகூட திரும்பிப் பார்த்ததில்லையா மாமா?" என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன்.

"நான் ஒரு தபா பார்த்தேன்னு வெச்சிக்க, பின்னால குந்திக்கினு இருக்கிற அறுவது பேரும் அப்பால எதையுமே பார்க்க முடியாது."

வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துப் பழகியவர், பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் அதை நிறுத்தவில்லை. வீட்டில் கூடத்திலிருந்து சமையலறைக்குத் திரும்பும் மூலையில் வாயாலேயே "பாம்... பாபாம்!" என்பார். அத்தை கையில் குழம்புச் சட்டியோடு ஓரமாக ஒதுங்கி வழிவிடுவார். சிவன் கோயில் பிரகாரத்தில் நாலு மூலைக்கும் நாலு ஹாரன். புதிதாக வந்த குருக்கள் முதல் நாள் திகைத்துப் போனார். இரண்டாம் மாதம் அவரே மூலையில் நின்று, எதிரே ஆள் வருகிறதா என்று பார்த்துச் சைகை காட்ட ஆரம்பித்துவிட்டார். இத்தனைக்கும் அந்த இருபத்தொன்பது வருஷத்தில் மாமா வண்டியில் ஒரு கோழிக்குக்கூடக் கீறல் பட்டதில்லை.

மாமாவுக்கு ஒரே பெண், தேன்மொழி. ஒன்றாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்து இடம். படித்து முடித்து, கொலம்பியா நாட்டின் தலைநகரமான பொகோட்டாவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போனாள். அடுத்த வருஷமே என்னையும் அங்கே இழுத்து, தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டாள். எங்கள் தெருவில் அந்த நாட்டுக்கு "அமெரிக்காவுக்கு அந்தாண்ட" என்று பெயர்.

மாமா ரிட்டையர் ஆன வருஷம், தேன்மொழி அப்பாவுக்குப் போன் போட்டு, கூட வேலை செய்யும் ஆந்த்ரெஸ் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவதாகச் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் மாமா வீட்டில் எந்த மூலையிலும் ஹாரன் கேட்கவில்லை என்று என் அம்மா கவலையோடு சொன்னாள். மூன்றாம் நாள் மாமாவே போன் செய்தார்.

"பாப்பா, நான் ஊரைச் சுத்திப் பார்க்க வர்றேன். வேற ஒண்ணும் இல்ல."

எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது. சொந்த மலையில் இருக்கிற அருவியைப் பார்க்காதவர் எந்த ஊரைப் பார்க்க வருகிறார்?

அத்தைக்கு முழங்கால் வலி. மாமா மட்டும் வந்தார், பழைய காக்கி பேண்ட்டும் புது ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக. பொகோட்டா ரொம்ப உயரத்தில் இருக்கிற ஊர். விமான நிலைய வாசலில் நாலடி நடந்ததுமே அவருக்கு மூச்சு வாங்கியது. நின்று நிதானமாகச் சுற்றிலும் பார்த்து, "கல்வராயன் மலைய ஒண்ணு மேல ஒண்ணா மூணு அடுக்கி, அது மேல ஊரைக் கட்டியிருக்காங்க. வண்டி இழுக்குமா?" என்றார்.

ஆந்த்ரெஸ் காரோடு வந்திருந்தான். மரியாதைக்காக மாமாவை முன் சீட்டில் உட்கார வைத்தோம். அங்கேதான் வினை. அந்த நாட்டில் ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால் உட்காரும் பயணி, நம் ஊரில் டிரைவர் உட்காரும் வலது பக்கத்தில் உட்கார வேண்டும். மாமா உட்கார்ந்தார், கதவைச் சாத்தினார், கையை நீட்டினார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"ஸ்டியரிங்க எவன் கழட்டினான்?"

கார் கிளம்பியது. மாமாவின் வலது கால் தரை விரிப்பைப் பிரேக் என்று நினைத்து மிதிமிதி என்று மிதித்தது. முதல் திருப்பம் வந்ததும் அடிவயிற்றிலிருந்து "பாம்... பாபாம்!" என்றார். ஆந்த்ரெஸ் திடுக்கிட்டுக் கண்ணாடியில் தேன்மொழியைப் பார்த்தான். அவள் கண்களை மூடிக்கொண்டாள். இது இந்தியச் சம்பிரதாயம் போலிருக்கிறது என்று அவனாக முடிவு செய்துகொண்டான். அடுத்த திருப்பத்தில் அவனும் "பாம்... பாபாம்!" என்றான்.

மாமா அப்போதுதான் முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அடிக்கிறான். ஆனா லேட்டா அடிக்கிறான்" என்றார். அன்றைக்கே ஆந்த்ரெஸ், ஆனந்தராசு ஆகிவிட்டான். மாமா அவனுக்கு "தோன் ஹாரன்" ஆனார். அங்கே பெரியவர்களை அப்படி "தோன்" சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

அடுத்த பத்து நாளில் மாமா பார்த்ததைப் போல அந்த ஊரை யாரும் பார்த்திருக்க முடியாது. பெரிய சதுக்கத்தில் புறாக் கூட்டத்துக்கு நடுவே நடந்தபோது ஹாரன் அடித்து ஒரு பாதையே உண்டாக்கினார். தங்க மியூசியத்தில், அந்தக் காலத்து ராஜாக்கள் தங்கத்தைப் படகில் கொண்டுபோய் ஏரியில் போடுவார்கள் என்று கேட்டதும், "எந்த ஏரி? தண்ணி இப்ப கம்மியா ஜாஸ்தியா?" என்று விசாரித்தார். மொன்செராத்தே மலை உச்சியில் இருக்கிற வெள்ளைக் கோயிலை அண்ணாந்து பார்த்து, "நம்ம தியாகதுருகம் மலைக்கு அண்ணங்காரன்" என்று உறவுமுறை கட்டினார். சூடான சாக்லேட்டுக்குள் ஆந்த்ரெஸ் பாலாடைக்கட்டியைப் பிய்த்துப் போட்டதும், "நல்ல பானத்த இன்னாத்துக்குடா கெடுக்கிற?" என்று பதறினார். மூன்றாவது கோப்பையில் அவரே கட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் அவரை அப்படியே வாயடைக்க வைத்தது ஒரு டவுன் பஸ்தான். ரயில் மாதிரி நீளம், சிவப்பு நிறம், இரண்டு இடத்தில் மடங்கும். மாமா அதில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடைசி நிறுத்தம் வரை பேசாமல் நின்றார். வண்டி நின்றதும் டிரைவர் இறங்கினார். ஐம்பது வயசு அம்மாள். மாமா போனை எடுத்து, தன் பழைய பஸ் முன்னால் காக்கிச் சட்டையில் நிற்கும் போட்டோவைக் காட்டினார். பின்னால் கொண்டை ஊசி வளைவு. அந்த அம்மாள் போட்டோவில் பஸ்ஸைப் பார்க்கவில்லை, வளைவைப் பார்த்தார். நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையாலும் மாமா கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு வார்த்தைகூட மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு நாள் ஆந்த்ரெஸ் அவரை "தேஹோ" விளையாடக் கூட்டிப்போனான். களிமண் பெட்டியில் வெடிமருந்துப் பொட்டலங்களை வைத்துவிட்டு, தூரத்திலிருந்து இரும்பு வட்டை எறிவார்கள். பட்டால் டமால். மாமாவின் முதல் எறி பக்கத்துக் குழுவின் பெட்டியில் போய் வெடித்தது. அவர்களுக்கு ஒரே சந்தோஷம். மூன்றாவது எறி எங்கள் பெட்டியில் டமால் என்றது. முன்பின் தெரியாத ஆறு பேர் ஓடிவந்து மாமாவைத் தூக்கிக்கொண்டார்கள்.

இத்தனையும் நடந்தது. கல்யாணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. தேன்மொழி கேட்டால், "பார்த்துக்கினுதானே இருக்கேன்" என்பார். ஊரையா, பையனையா என்று சொல்ல மாட்டார். அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் நான் காபி போடப் போனபோது, மாமா சமையலறை ஜன்னல் ஓரம் நின்று அத்தையோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். வழக்கமான குரல் இல்லை.

"பையன் நல்ல பையன்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா தூரத்தப் பாரு... நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா இவ வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போயிருக்கும். இங்க இவளுக்கு ஒண்ணுன்னா யாரு இருக்குறா? நான் இட்டுக்கினு வந்துடலாம்னு பார்க்கிறேன்."

நான் காபி போடாமலே திரும்பிவிட்டேன். தேன்மொழியிடம் சொல்லவும் இல்லை.

மறுநாள் ஆந்த்ரெஸின் அம்மா வீட்டில் விருந்து. மலைக்கு அந்தப் பக்கம் லா கலேரா என்ற சின்ன ஊர். அந்த அம்மாள் வாசலிலேயே மாமாவைக் கட்டிப்பிடித்து, அவர்கள் வழக்கப்படி கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தார். மாமா கம்பம் மாதிரி நின்றார். "இத அத்தைகிட்ட சொல்லிடாத பாப்பா" என்றார் என்னிடம், வாய் அசையாமல்.

சாப்பாட்டில் சூப்புக்குள் ஒரு வெள்ளைக் கிழங்கு மிதந்தது. மாமா ஒரு வாய் கடித்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"இது நம்ம மரவள்ளி!"

அந்தக் கிழங்கு பிறந்ததே தங்கள் கண்டத்தில்தான் என்று அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னார். மொழிபெயர்த்தேன். மாமா ஒத்துக்கொள்ளவே இல்லை. "வெள்ளிமலையில இருந்துதான் வந்திருக்கும். நானே எத்தினி மூட்டை வண்டி மேல ஏத்திவிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?" அந்த அம்மாள் கடைசியில், அப்படியும் இருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தார்.

சாயங்காலம் திரும்பினோம். மழை தூறியது, பனி இறங்கியது. மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்கியது. ஒரு பக்கம் பனி விலகும் இடத்திலெல்லாம், கீழே பொகோட்டா நகரம் முழுவதும் விரித்துப் போட்ட மாதிரி தெரிந்தது. ஆந்த்ரெஸ் ஓட்டினான். மாமா பக்கத்தில்.

திடீரென்று மாமா உற்சாகமாகிவிட்டார். "தோ பாரு ஆனந்தராசு! ஊரு மொத்தமும் தெரியுது! ஒரு தபா திரும்பிப் பாரு!"

நான் மொழிபெயர்த்தேன். "அப்புறம் பார்க்கிறேன் தோன் ஹாரன்" என்றான் அவன், கண்ணை எடுக்காமல்.

"அட, வானவில்லு! எவ்ளோ பெருசு பாரு!"

வானவில் எதுவும் இல்லை. அவன் திரும்பவில்லை.

மாமா அவன் தோளைத் தட்டினார். "உன் போன் அடிக்குது, எடுத்துப் பாரு."

ஆந்த்ரெஸ் அதுவரை எங்களிடம் குரல் உயர்த்தியதே இல்லை. இப்போது உயர்த்தினான். "முடியாது ஐயா! வண்டியில் நாலு பேர் இருக்கிறோம். தயவுசெய்து பேசாமல் இருங்கள்!"

தேன்மொழி என் கையை இறுகப் பிடித்தாள். மாப்பிள்ளை ஆக வேண்டியவன் மாமனாரைப் பார்த்து இப்படிக் கத்தினால் கள்ளக்குறிச்சியில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். பொய் வரவில்லை. அப்படியே சொல்லிவிட்டேன்.

மாமா பதில் சொல்வதற்குள், வளைவில் பனிக்குள்ளிருந்து ஒரு லாரி எங்கள் பாதியையும் பிடித்துக்கொண்டு வந்தது. ஆந்த்ரெஸ் பதறவில்லை. இந்த முறை லேட் இல்லாமல் ஹாரன் அடித்து, வேகத்தைக் குறைத்து, ஓரத்தோடு ஓரமாக ஒட்டி நின்றான். லாரி உரசாமல் போனது. அவன் பெருமூச்சு விட்டான். மாமாவின் கால் தரை விரிப்பை மிதிக்காமல் சும்மா இருந்ததை நான் பார்த்தேன்.

கொஞ்ச தூரத்தில், நின்று ஊரைப் பார்ப்பதற்கென்றே இருக்கும் ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தினான். இறங்கியதும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டான். மாமா அவனைத் தாண்டித் தேன்மொழியிடம் போனார்.

"நானும் இன்னா இன்னாவோ சொல்லிப் பார்த்தேன். ஒரு தபாகூட திரும்பல இவன்."

"வேணும்னேதான் சொன்னீங்களாப்பா?"

"பின்ன? தூரம்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா வண்டியில ஆளு இருக்குதுன்ற நெனப்போட ஓட்டுறான். எனக்கு அது போதும். மாசம் தேதி நீயே சொல்லு."

தேன்மொழி அழுத அழுகையில் ஆந்த்ரெஸ் பயந்துபோய், என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று என்னைப் பிடித்து உலுக்கினான். மாமா அதையெல்லாம் கவனிக்காமல் தடுப்புக் கம்பி ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அரை மணி நேரம் நின்றார். "அது இன்னா, செவப்பு செவப்பா?" என்றார் ஒரு தடவை. "எல்லாம் செங்கல் கட்டடம் மாமா" என்றேன். "நல்லா இருக்குது" என்றார்.

கல்யாணம் தை மாசம் கள்ளக்குறிச்சியில் ஜோராக நடந்தது. ஆனந்தராசு வேட்டியில் இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்தான். ஆனால் நான் சொல்ல நினைத்தது அதைவிடச் சின்ன விஷயம்.

பொகோட்டாவிலிருந்து மாமா கிளம்பிய அன்று, விமான நிலையத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க அம்மாகிட்ட இன்னா சொல்லணும் பாப்பா?"

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க மாமா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு ரொம்ப நாளாக இருமல். பாதி நாள் ராத்திரிச் சாப்பாடு வெறும் ரொட்டிதான். அந்தப் பதினைந்து நாளில் அவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாலு நாள் கழித்து அம்மா போன் செய்தாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

"ஹாரன் மாமா வந்திருந்தாருடி. ரெண்டு மணி நேரம் குந்திக்கினு உன்னப் பத்தியே சொன்னாரு. தெனம் ரெண்டு வேளை சோறு ஆக்கித் தின்றியாமே? குளுரே இல்லையாம், நம்மூரு மார்கழி மாதிரிதானாம். உங்க வூட்டுக்கு எதிர்லயே முருகன் கோயில் இருக்குதாமே, நீ சொல்லவே இல்லையேடி? நாலு வருசமா மனசு கெடந்து அடிச்சிக்கினு இருந்தது. இன்னிக்குத்தாண்டி நிம்மதி."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எதிரே ஒரு டயர் கடை இருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ஆமாம்மா, மாமா எல்லாத்தயும் சரியாத்தான் பார்த்துட்டுப் போயிருக்காரு" என்றேன்.